கதையில் விழுந்த அடி

2020-ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் சினிமா டைரக்டர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். போலீஸ்காரர்களைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்தவர் அவர். ‘சாமி’ இரண்டு பாகம், ‘சிங்கம்’ மூன்று பாகம். அப்படி எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று அந்த அறிக்கையில் சொல்லியிருந்தார்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஜூன் 19-ஆம் தேதி போலீஸார் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஊரடங்கு நேரம் முடிந்தும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் அவர்கள்மீது சொல்லப்பட்ட குற்றம். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தகப்பனார் இறந்தார். அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த பெண் ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர், விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார். ஒரு தேசம் முழுவதையும் எதிர்த்து நிற்கிற துணிச்சலை விட, தன் ஸ்டேஷனில் தன் மேலதிகாரிகளுக்கு எதிரே நின்று அந்த நாலு வாக்கியம் பேசுகிற துணிச்சல் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

டைரக்டரின் அறிக்கையைப் பத்திரிகையில் படித்தபோது முதலில் மரியாதை உண்டாயிற்று. நம் தொழிலில் யாரும் இப்படி வாய்விட்டு வருத்தம் சொல்வதில்லை. சற்று நேரம் கழித்து ஒரு சந்தேகமும் எழுந்தது. இவர் எதற்காக வருந்துகிறார்? போலீஸார் அந்தப் பெருமைக்குத் தகுதியாக நடந்துகொள்ளவில்லை என்றா? அல்லது, தாம் பெருமைப்படுத்திய காரியமே பெருமைக்கு உரியதில்லை என்றா? இரண்டும் வேறு வேறு வருத்தங்கள். முதலாவது வருத்தத்துக்கு நல்ல போலீஸ்காரன் ஒருவன் கிடைத்தால் போதும், தீர்ந்துவிடும். இரண்டாவது அவ்வளவு சுலபத்தில் தீராது.

‘சாமி’ 2003-ல் வந்த படம். நானும் பார்த்தேன்; கைதட்டி ரசித்தேன் என்பதை மறைப்பானேன்? திருநெல்வேலியில் பெருமாள் பிச்சை என்று ஒரு பெரிய மனுஷன். அரசியலும் ரவுடித்தனமும் அவன் கைக்குள். சட்டத்தால் அவனை ஒன்றும் செய்ய முடியாது. கடைசியில் போலீஸ் அதிகாரி ஆறுச்சாமி அவனைக் கொன்று செங்கல் சூளையில் எரித்துவிடுகிறார். பெருமாள் பிச்சை தலைமறைவாகிவிட்டான் என்று ஊர் நம்புகிறது. தியேட்டரில் எழுந்த விசில் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதற்குப் பத்து வருஷம் முன்பு, 1993-ல், விருத்தாசலம் பக்கத்தில் கம்மாபுரம் போலீஸ் நிலையத்துக்கு ராஜாக்கண்ணு என்ற ஏழைக் கூலியைத் திருட்டுக் கேஸில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸார் சொன்னார்கள். பிணம் பக்கத்து மாவட்டத்து எல்லைக்குள் கிடைத்தது. மனைவிக்காக ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டு வழக்கை நடத்திய சந்துரு பிற்பாடு அதே ஹைகோர்ட்டில் நீதிபதியானார். 2021-ல் வந்த ‘ஜெய் பீம்’ படத்துக்கு இந்த வழக்கே மூலம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மனிதனைக் கொல்வது, உடலை அப்புறப்படுத்துவது, ‘ஓடிப்போனான்’ என்று கணக்குக் காட்டுவது. ஆறுச்சாமி செய்ததும் கம்மாபுரத்தில் நடந்ததும் வேலை என்ற அளவில் ஒன்றேதான். ஒன்றுக்கு விசில் அடித்தோம், மற்றொன்றுக்குக் கண்ணீர் விட்டோம். இரண்டு முறையும் படம் பார்த்தவர்கள் நாமேதான். வேடிக்கை என்னவென்றால், ‘சிங்க’மாக உறுமிய சூர்யாவேதான் ‘ஜெய் பீ’மில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு போலீஸாரைக் குறுக்கு விசாரணை செய்கிறார். நடிகரைக் குறை சொல்லவில்லை. மனுஷன் மாறலாம், மாறவேண்டும். நாம் மாறினோமா என்பதே என் கேள்வி.

ஒரு காலத்தில் நம் போலீஸ் கதை வேறு மாதிரி இருந்தது. 1974-ல் வந்த ‘தங்கப் பதக்கம்’ பலருக்கு நினைவிருக்கும். மகேந்திரன் எழுதிய நாடகம் படமாயிற்று. எஸ்.பி. சௌத்ரி எப்பேர்ப்பட்ட கண்டிப்பான ஆசாமி! ஆனால் அந்தக் கண்டிப்பு முதலில் பாய்வது யார்மீது? சொந்த மகன்மீது. சட்டம் அவருக்கு ஒரு பாரம். மகனை இழந்து, மனைவியை இழந்து அதைச் சுமக்கிறார். கடைசியில் மகனையே சுடுகிறார். இன்று பார்த்தால் வசனம் அதிகம், அழுகை அதிகம். இருந்தாலும் அந்தத் துப்பாக்கியை அவர் தூக்கும்போது நமக்குக் கை நடுங்குகிறது. துப்பாக்கி தூக்குவது லேசான காரியமில்லை என்று கதாசிரியருக்குத் தெரிந்திருந்தது.

‘சாமி’ வந்த அதே 2003-ல் கௌதம் மேனனின் ‘காக்க காக்க’ வந்தது. கெட்டிக்காரத்தனமாக எடுத்த படம். சினேகிதர்களான நாலு அதிகாரிகள் ரவுடிகளைத் தேடித் தேடிச் சுடுகிறார்கள். அங்கே சட்டம் பாரமும் இல்லை, துணையும் இல்லை. காலில் சிக்கிக்கொள்ளும் கயிறு. தேர்ந்த கதாசிரியர்கள் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். நானும் தொழில்காரன் என்பதால் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். வில்லனை முதலில் ஒரு தடவை கைது செய்ய வைக்கவேண்டும். ஒரு வக்கீல் ஜாமீன் காகிதத்தோடு வரவேண்டும்; அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் நல்லது. வில்லன் வெளியே வரும்போது கதாநாயகனைப் பார்த்துப் புன்னகை செய்யவேண்டும். இந்தப் புன்னகை போதும். இதற்கு அப்புறம் கதாநாயகன் என்ன செய்தாலும் வாசகனுக்குச் சம்மதம். கோர்ட்டின் தாமதம் நிஜமான துயரம். அதை எடுத்து, ரசிகனுக்குத் தாகம் உண்டாக்குகிற உப்பாகப் பயன்படுத்துகிறோம்.

கதை இந்தத் திசையில் போய்க்கொண்டிருக்க, சட்டம் எதிர்த்திசையில் நடந்து வந்திருப்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். சென்னை ராஜதானியில் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று புகார் கிளம்பி, 1854-ல் ஒரு கமிஷன் நியமித்தார்கள். அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. வரி வசூலுக்கும் அடி; திருட்டை ஒப்புக்கொள்ளவும் அடி. அப்போது வரி வசூலிக்கிற தாசில்தாரே போலீஸுக்கும் தலைவர். இங்கிலீஷில் எழுதிய அந்த அறிக்கையில் நம் தமிழ் வார்த்தைகள் இரண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று ‘கிட்டி’: விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது. மற்றொன்று ‘அண்ணாந்தாள்’: கழுத்தையும் கால் விரலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி மனிதனை வளைத்து வெயிலில் விடுவது. இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் இங்கிலீஷில் பதில் வார்த்தை கிடைக்காமல் அப்படியே எழுதியிருக்கிறார்கள். உலகத்துக்கு நாம் கொடுத்த சொற்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த அறிக்கைக்குப் பின்னால் 1859-ல் ராஜதானிக்குப் போலீஸ் தனி இலாகாவாயிற்று. 1872-ல் சாட்சியச் சட்டம் எழுதிய ஸ்டீபன், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்ற விதியை அதிலே வைத்தார். உலகத்தில் எத்தனையோ நாடுகளில் போலீஸிடம் சொன்னது செல்லும், இங்கே செல்லாது. தன் போலீஸை நம்பாமலே எழுதிய சட்டம் அது. போலீஸார் ஏன் அடிக்கிறார்கள் என்பதற்கு, இந்தியாவில் வேலை பார்த்த ஓர் அதிகாரி சொன்ன காரணத்தை ஸ்டீபன் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். குரூரம் என்று அந்த அதிகாரி சொல்லவில்லை. சோம்பல் என்றார். வெயிலில் அலைந்து சாட்சி தேடுவதை விட நிழலில் உட்கார்ந்து ஒருவனை வதைப்பது சுலபமாம்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு சந்தும் இருந்தது. அவன் சொல்லி, அதன்படி ஒரு பொருள் அகப்பட்டால், அந்தப் பொருளுக்குச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். திருட்டுக் கேஸில் இது எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ‘நான் திருடினேன்’ என்று அவன் ஆயிரம் தடவை சொன்னாலும் பிரயோஜனமில்லை. நகையைக் காட்டினால் பிரயோஜனம் உண்டு. ஆகவே கேள்வி எப்போதும் ஒன்றே: “நகை எங்கே?” 2024 ஜூலையில் சட்டங்களுக்குப் பெயர் மாற்றிப் புதிதாகக் கொண்டுவந்தபோதும் விதியும் சந்தும் ஒரே பிரிவில் சேர்ந்து அப்படியே குடிவந்துவிட்டன.

1996-ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, கைது செய்தால் குறிப்பு எழுதவேண்டும், உறவினருக்குச் சொல்லவேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டவேண்டும் என்றெல்லாம் விதித்தது. 2014-ல் என்கவுண்டர்களுக்கு விதிகள் வந்தன. சுட்ட கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. பதக்கத்துக்காகச் சுடுகிறவர்கள் உண்டு என்ற சந்தேகம் இல்லாமல் இப்படி ஒரு விதியை யாரும் எழுதமாட்டார்கள். ‘தங்கப் பதக்கம்’ பார்த்துவிட்டு வந்த நமக்கு இது கொஞ்சம் சங்கடமான விதிதான்.

காகிதத்தில் இப்படி, தெருவில் எப்படி? 2019 டிசம்பர் 6-ஆம் தேதி விடியற்காலையில், ஹைதராபாத் பக்கத்தில் ஒரு பெண் டாக்டரைக் கெடுத்துக் கொன்றதாகப் பிடிபட்ட நாலு பேரைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் போலீஸ்காரர்கள்மீது பூமாரி பொழிந்தார்கள், இனிப்பு வழங்கினார்கள். அந்தக் குற்றத்தின் கொடுமையை நினைத்தால் அவர்களுடைய ஆத்திரம் புரிகிறது. சுப்ரீம் கோர்ட்டு அமைத்த சிர்புர்கர் கமிஷன் 2022-ல் அறிக்கை கொடுத்தது: கொல்ல வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள், செத்த நாலு பேரில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். பூமாரி பொழிந்தவர்கள் அந்த அறிக்கையைப் படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. பூவுக்கு இருந்த வேகம் அறிக்கைக்கு இருக்கவில்லை.

நம் ஊரும் இதற்குக் குறைந்ததில்லை. 2024 ஜூலையில் பெரம்பூரில் ஆம்ஸ்ட்ராங் என்ற கட்சித் தலைவரை வெட்டிக் கொன்றார்கள். எதிர்க்கட்சிகள் சர்க்காரைச் சாடின. கமிஷனரை மாற்றினார்கள். புதிதாக வந்தவர், ரவுடிகளுக்கு எந்த மொழி புரியுமோ அந்த மொழியில் சொல்லப்படும் என்றார். ஒரு வாரத்துக்குள் அந்தக் கேஸில் பிடிபட்டிருந்தவர்களில் ஒருவர் போலீஸ் குண்டுக்கு இரையானார். தப்பிக்கப் பார்த்துச் சுட்டான், திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். அந்தக் கேஸின் தன்மையை நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்குக் கவலை தருவது அந்த ‘மொழி’ என்ற வார்த்தை. அது எங்கள் மொழி, ஐயா! வசனகர்த்தாக்களாகிய நாங்கள் எழுதிக் கொடுத்தது.

தினசரியில் வருகிற ‘மாவுக்கட்டு’ச் செய்தியையும் சொல்லவேண்டும். பிடிபட்டவன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான், கை முறிந்தது, மாவுக்கட்டுப் போட்டோவோடு செய்தி வருகிறது. எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும், போட்டோவில் இருக்கிறவனுக்கு நன்றாகவே தெரியும். யாரும் பொய் சொன்னதாகக் கோபித்துக்கொள்வதில்லை, சிரிக்கிறோம். தமிழில் இன்று மிக அதிகம் பேர் ரசிக்கிற சிறுகதை இதுவாகத்தான் இருக்கும்.

சரி, இதற்கு எதிராக எழுந்த படங்களைப் பார்ப்போம். வெற்றிமாறனின் ‘விசாரணை’ 2016-ல் திரைக்கு வந்தது. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், 1983-ல் குண்டூர் லாக்கப்பில் தாம் பட்டதை ‘லாக்கப்’ என்று எழுதினார், அதுதான் மூலம். ஆந்திராவில் பிழைக்கப் போன தமிழ்க் கூலிகளைச் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். அந்த அடியை டைரக்டர் அழகுபடுத்தவில்லை. சங்கீதம் போட்டு மறைக்கவில்லை. ‘ஜெய் பீம்’ எடுத்த ஞானவேல் 2024-ல் ரஜினிகாந்தை வைத்து ‘வேட்டையன்’ எடுத்தார். என்கவுண்டர் நிபுணரான அதிகாரி அவசரத்தில் ஒருவனைச் சுட்டுவிடுகிறார். அப்புறம் அவன் குற்றமற்றவன் என்று தெரிகிறது. ரஜினிகாந்துக்கு விசில் அடிக்க வந்த கூட்டத்துக்கு நடுவே இந்த விஷயத்தைச் சொன்னது சாதாரணக் காரியம் இல்லை.

மூன்றும் நல்ல முயற்சிகள். மூன்றிலும் ஒரு பொதுத் தன்மை இருக்கிறது: அடி வாங்குகிறவன், குண்டு வாங்குகிறவன், நிரபராதி. ராஜாக்கண்ணு திருடவில்லை. ‘விசாரணை’யின் பாண்டி திருடவில்லை. ‘வேட்டையன்’ சுட்ட பையன் கொலை செய்யவில்லை. நிரபராதி என்று முதலிலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள், அல்லது கடைசியில் நிரூபித்துக் காட்டுகிறார்கள். அதற்கு அப்புறம் நாம் அழுகிறோம். ஆக, அடிக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு இந்தப் படங்களிலிருந்து கிடைக்கிற விடை, ‘ஆள் தெரிந்து அடி’ என்பதாக முடிந்துவிடக்கூடும். இதற்கும் ஆறுச்சாமிக்கும் சண்டையே இல்லை. ஆறுச்சாமியும் ஆள் தெரிந்துதான் எரித்தார்.

‘விசாரணை’யில் மட்டும் ஒரு பாத்திரம் வருகிறது: அரசியல்வாதிகளின் கணக்குகளைப் பார்க்கிற ஆடிட்டர் கே.கே. அந்த ஆளுக்குப் பணத்திமிர் உண்டு; கறுப்புப் பணத்தின் ரகசியமெல்லாம் தெரியும்; பார்த்தாலே பிடிக்காது. அவரும் போலீஸார் கையில் சாகிறார். தியேட்டரில் அந்த இடத்தில் என் பக்கத்தில் இருந்தவர்கள் அழவுமில்லை, விசில் அடிக்கவுமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அப்படியே. படம் முழுவதிலும் எனக்கு மிகவும் உண்மையாகப் பட்ட நிமிஷம் அது. டைரக்டர் அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். அந்த மரணத்தை மறைக்க அதிகாரிகள் செய்கிற காரியங்களுக்குக் கதை விரைந்து போய்விடுகிறது. நிரபராதிகளான கூலிகள் மறுபடியும் சிக்கிக்கொள்ள, நமக்கும் அழுவதற்கு வசதி கிடைத்துவிடுகிறது.

மற்றவர்களுக்கு இவ்வளவு சொல்லிவிட்டு என் கதையைச் சொல்லாமல் இருந்தால் நன்றாயிராது. பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு பாட்டியின் இரட்டைவடச் சங்கிலி காணாமல் போகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள்மேல் சந்தேகம். இன்ஸ்பெக்டர் வருகிறார், தங்கமான மனுஷர், பாட்டியிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு அவள் பேரன்களைப் பற்றி விசாரிக்கிறார். பிறகு கொல்லைப்புறம் போய் அந்த ஆளை ஓர் அறை அறைகிறார். சங்கிலி வந்துவிடுகிறது. பாட்டி அந்த ஆளுக்கும் ஒரு தம்ளர் மோர் கொடுக்கச் சொல்வதோடு கதை முடிகிறது. மன்னிக்கும் குணத்தைப் பற்றிய கதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாராட்டிப் பத்துப் பதினைந்து கடிதங்கள் வந்தன.

ஒன்று மட்டும் ஓய்வுபெற்ற ஹெட் கான்ஸ்டபிள் ஒருவரிடமிருந்து. “ஐயா, உங்கள் கதையில் ஓர் அறை விழுந்ததும் சங்கிலி வந்துவிட்டது. என் சர்வீஸில் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. அடித்தால் முதலில் வருவது பெயர்கள். மச்சான் பெயர், கூட வேலை செய்தவன் பெயர், கடன் கொடுத்தவன் பெயர். அப்புறம் அவர்களை எல்லாம் அழைத்து வரவேண்டும். நாங்கள் மீட்ட நகைகளில் முக்கால்வாசி அடகுக்கடை நோட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தவை” என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: “அவன் நிஜமாகவே எடுத்தவனாக இருந்தால் ஒன்று போடலாம் என்பது தங்கள் அபிப்பிராயம் போலிருக்கிறது. எத்தனை வரைக்கும் போடலாம் என்பதையும் எழுதியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.”

பதில் எழுதவில்லை. கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துக் கடிதத்தை ஒரு புஸ்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த அஜித்குமார் என்ற இளைஞரைப் போலீஸார் அடித்து, அவர் இறந்துபோன செய்தி வந்தது. கோயிலுக்குக் காரில் வந்தவர்களின் நகை காணவில்லை என்று புகார். முறையாக ஒரு கேஸ்கூடப் பதிவு செய்யாமல் அடித்திருக்கிறார்கள். ஒளிந்திருந்து யாரோ எடுத்த வீடியோவை நாடெல்லாம் பார்த்தது. அன்று சந்தித்த நாலு பேரும் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் ஒன்றேதான்: “பாவம், அந்தப் பையன் எடுக்கவே இல்லையாம்!” எடுத்திருந்தால்? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் என் கதையை எனக்கே திருப்பிச் சொல்லியிருப்பார்கள்.

இப்போது என் சிறுகதைகளின் தொகுப்பு மறுபதிப்பு வருகிறது. அந்தக் கதையும் அதில் இருக்கிறது. பிரசுரகர்த்தரிடம் ஒரு மாதம் தவணை வாங்கிக்கொண்டு திருத்த உட்கார்ந்தேன். முதலில் எனக்குத் தோன்றிய திருத்தம், வெள்ளையடிக்கிறவனை நிரபராதி ஆக்கிவிடுவது. சங்கிலி பாட்டியின் அரிசிப் பானைக்குள்ளேயே கிடைக்கும். எழுதிப் பார்த்தேன். கதை உடனே இனித்தது. எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் கிழித்துப் போட்டேன். இப்போது பழையபடி அவனே திருடன். சங்கிலி அவன் எடுத்ததுதான். இன்ஸ்பெக்டர் மோர் குடித்துவிட்டுக் கொல்லைப்புறம் போகிறார், கையை ஓங்குகிறார். அந்த இடத்திலிருந்து அடுத்த வாக்கியம் மூன்று வாரமாக வரவில்லை.